ரிலீவர் வரவில்லை

ஆங்கிலம் படிக்காத பெண்கள்கூடத் தயங்காமல் எடுத்தாளும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘ரிலீஃப்’. “தைலம் தேச்சேன், கொஞ்சம் ரிலீஃபா இருக்கு.” “மாமியார் ஊருக்குப் போயிருக்காங்க, பத்து நாளைக்கு ரிலீஃப்.” “குழுக்கடன் கடைசித் தவணையும் கட்டியாச்சுக்கா, பெரிய ரிலீஃப்.” இவற்றைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படி சொல்வோம். “பீரியட்ஸ் வந்துடுச்சுடி, ரிலீஃப்” என்பதை மட்டும் காதோடு சொல்வோம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் நாம் கடன் வாங்கவில்லை. நிம்மதி, ஆறுதல், இளைப்பாறல், விடுதலை, நிவாரணம் என்று தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதத்தில் பெரிய சொல். ஆறுதல் என்றால் முதலில் ஏதாவது ஒன்றை இழந்திருக்க வேண்டும். பிறகு யாராவது நம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது அது. விடுதலைக்குச் சிறை வேண்டும். நிம்மதி நீண்ட காலத்துக்கானது. “எனக்கு இந்த வீட்டுல நிம்மதியே இல்ல” என்று ஒரு பெண் சொன்னால் அது கணவன்மேல் வைக்கும் குற்றச்சாட்டாகிவிடும், பஞ்சாயத்து கூடிவிடும். “ரிலீஃபே இல்ல” என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. அது வேலையைப் பற்றிய புகார், மனிதர்களைப் பற்றியது அல்ல. பெண்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதற்கு அந்தச் சின்னத்தனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அரை மணி நேரத்துக்கு மட்டும் கேட்கலாம். கேட்டதாகவே தெரியாமல் கேட்கலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றிய ஒரு கையேட்டை, பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு சிறு குழுவுக்காகத் தமிழில் பெயர்த்தபோதுதான் இந்தச் சொல்லோடு நான் அதிகம் மல்லுக்கட்டினேன். ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ முழுக்க ரிலீஃப் என்ற சொல்தான் ஓடுகிறது. பிரிவு 12இன்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யும் பெண் கேட்பது ரிலீஃப். பாதுகாப்பு ஆணை, அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமைக்கான ஆணை, பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆணை, இழப்பீட்டு ஆணை எல்லாமே ரிலீஃப். பிரிவு 20இன் தலைப்பே பணம் சார்ந்த ரிலீஃப். வழக்கறிஞர்கள் தமிழில் ‘பரிகாரம்’ என்றும் ‘நிவாரணம்’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். பரிகாரம் என்று எழுதினால் படிக்கும் பெண்ணுக்கு ராகு கேதுவும் நெய் விளக்கும் நினைவுக்கு வரும். தோஷம் தன்னுடையது என்றும் தோன்றும். நிவாரணம் என்றால் வெள்ளம், ஐந்து கிலோ அரிசி, போர்வை. மனுவில் அதைக் கேட்கும் பகுதிக்கு நீதிமன்றப் பேச்சில் ‘பிரேயர்’ என்று வேறு பெயர். அடிவாங்கிய பெண் சட்டப்படி தனக்குரியதைக் கேட்க வரும்போதும் அது பிரார்த்தனைதான்.

அகராதியைத் திறந்தேன். லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமற்றது. அதிலிருந்து ‘ரெலெவாரே’: தூக்குதல், பாரத்தைக் குறைத்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதுவரை வியப்பில்லை, நாமும் “மனபாரம் இறங்கிச்சு” என்கிறோம். எனக்குப் புதிதாகப் பட்டது வேறு. ஆங்கிலத்தில் இது முதலில் ஒரு வினை. ஒருவர் இன்னொருவரை ‘ரிலீவ்’ செய்கிறார். முற்றுகையில் சிக்கிய கோட்டைக்கு வெளியிலிருந்து படை வந்து சேர்ந்தால் ரிலீஃப். இரவெல்லாம் காவல் நின்ற சிப்பாயின் இடத்தில் அடுத்தவன் வந்து நின்றால் ரிலீஃப். அந்தச் சொல்லுக்குள் எப்போதும் வந்து நிற்கும் இன்னொரு ஆள் உண்டு. நாம் அந்த ஆளை விட்டுவிட்டு, உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம். “ரிலீஃபா இருக்கு” என்கிறோம். யார் வந்தார்கள், யார் மாற்றிவிட்டார்கள் என்று அந்த வாக்கியத்தில் எழுவாய் கிடையாது.

எழுவாய் இல்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. வேலை செய்யும் இடங்களில் அந்த ஆள் பெயரோடு இருக்கிறார். ரயில்வேயில், செக்யூரிட்டி வேலையில், ஆஸ்பத்திரியில் அவரை ‘ரிலீவர்’ என்பார்கள். அரசு அலுவலகத்தில் மாறுதல் வந்தவர் ‘ரிலீவ்’ ஆக வேண்டும். அரசுத் தமிழ் அதைப் பணிவிடுவிப்பு என்று அழகாகவே எழுதுகிறது. பதிலாள் வந்து பொறுப்பேற்றால்தான் விடுவிப்பார்கள். ஆணை கையில் இருந்தும் பதிலாள் வராமல் பழைய ஊரிலேயே காத்துக் கிடக்கும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும்.

என் அம்மா ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்தார். எங்கள் வீட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொற்கள் டியூட்டி, நைட், ஆஃப், ரிலீவர். “அம்மா ஏன் இன்னும் வரல?” என்று கேட்டால் அப்பா “ரிலீவர் வந்திருக்க மாட்டாங்க” என்பார். ரிலீவர் என்பது பேருந்து மாதிரி ஏதோ வண்டி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளை விட்டுவிட்டு மணியடித்ததும் கிளம்ப முடியாது. அடுத்தவர் வந்து, கட்டில் கட்டிலாக நடந்து, எந்தப் பாட்டில் எப்போது முடியும், யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, யார் காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்று எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகுதான் வரலாம். அதற்கு ‘ஓவர் கொடுக்கிறது’ என்று பெயர். ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் வாசலில் இருக்கும் கடையில் ஒரு டீ குடிப்பாராம். தன் வாழ்க்கையிலேயே சுகமான பத்து நிமிடங்கள் அவைதான் என்று சொல்லியிருக்கிறார். டீ நன்றாக இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். அங்கே ரிலீவர் கிடையாது.

இதைச் சொல்ல அம்மாவே போதும் என்றாலும், 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ‘ஈடுபடும் ஆண்கள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். பிள்ளை வளர்ப்பும் நோயாளியைப் பார்ப்பதும் இந்த 299இல் சேரவில்லை, அவற்றுக்குத் தனிக் கணக்கு. ஐந்து மணி நேர ஷிஃப்ட் என்று பார்த்தால் பெரிதில்லை. வாராந்தர விடுப்பு கிடையாது, ஓவர் எடுக்க ஆள் கிடையாது என்பதுதான் விஷயம். காய்ச்சலில் படுத்துக்கொண்டு “பருப்பு மூணாவது டப்பா” என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண் டியூட்டியில்தான் இருக்கிறாள்.

சம்பளம் வாங்கும் இடத்திலும் ரிலீவர் என்பது எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் சிறுநீர் கழிப்பதை நாகரிகமாகச் சொல்லவும் இதே வினைதான், தன்னைத்தானே ரிலீவ் செய்துகொள்வது. ஜவுளிக்கடைப் பெண்களிடம் கேட்டால் இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றுதான் என்பார்கள். தன் பகுதியில் வந்து நிற்க ஆள் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஆள் இல்லை என்றால் அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்க முடியாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் இது போராட்டமாகவே வெடித்தது. தையல் வேலை செய்துவந்த பி. விஜி அங்குள்ள கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று கழிப்பறை. அதற்கு அவர்கள் வைத்த பெயரில் நாசூக்கு எதுவும் இல்லை: மூத்திரப்புரை சமரம். அடுத்தது உட்காரும் உரிமை. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. 2021இல் தமிழ்நாடும் அதைச் செய்தது. பிறகும் சில கடைகளில் நாற்காலி இருக்கிறது, அதில் மடித்த சேலைகள் உட்கார்ந்திருக்கின்றன. பெரிய ஜவுளிக்கடைகளுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

ஆள் வந்து மாற்றிவிடுவது ஒரு வகை என்றால், எதுவும் நடக்காமல் இருப்பதும் நமக்கு ரிலீஃப்தான். மாதவிடாய் தள்ளிப்போய் வந்துவிட்டால் ரிலீஃப். மார்பில் தட்டுப்பட்ட கட்டி வெறும் கொழுப்புக்கட்டி என்று ஸ்கேன் சொன்னால் ரிலீஃப். ஷேர் ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்தவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் ரிலீஃப். பெண் இரவு ஒன்பதரைக்கு விடுதி அறைக்குள் போய் ‘ரீச்டு’ என்று ஒரு சொல் அனுப்பினால் ஊரில் ஒரு தாய்க்கு ரிலீஃப். இங்கே நன்மை எதுவும் நிகழவில்லை. நடந்திருக்கக்கூடியது நடக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாளில் எத்தனை முறை ஒரு பெண் இப்படி மூச்சுவிடுகிறாள் என்று எண்ணினால் எத்தனை முறை பயந்தாள் என்று தெரிந்துவிடும். (அந்த மூச்சுக்கு “அப்பாடா” என்று பெயர். வலித்தால் அம்மா, வலி நின்றால் அப்பா. மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அந்த அப்பாடாவைப் பெரிதாகக் கேட்க வேண்டும் என்றால் கல்யாண மண்டபத்தில் பெண்ணை அனுப்பிவைத்த பிறகு காலி நாற்காலிகளுக்கு நடுவே கேட்கலாம். “கரையேத்தியாச்சு”, “பாரம் இறங்கிச்சு”. நம்மைக் கரையேற்றியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. ஆனாலும் அந்த வாக்கியத்தில் பாரம் யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அவர் தலையிலிருந்து இறங்கிய பாரம், அதே நாளில் இன்னொரு வீட்டின் பாரங்களைத் தூக்கப் போகிறது.

தமிழில் பாரம் இறக்குவதற்கென்றே கல் நட்டு வைத்திருந்தோம். பழைய சாலைகளின் ஓரத்தில், ஊர் எல்லையில், இப்போதும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். உயரம் ஆள் உயரத்தை ஒட்டி இருக்கும். விறகோ நெல்லோ தலையில் சுமந்து போகிறவருக்கு, தனி ஆளாகச் சுமையைத் தரையில் இறக்கவும் முடியாது, இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆளும் இல்லை. இந்தக் கல் இருந்தால் யார் உதவியும் இல்லாமல் தலையிலிருந்து அப்படியே நகர்த்திவிடலாம், கொஞ்சம் நிற்கலாம், மறுபடி தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். ரிலீவர் இல்லாதவர்களுக்கான ஏற்பாடு. இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர் ஒருமுறையாவது தலைச்சுமையோடு நடந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கற்களைப் பெரும்பாலும் யாருடைய நினைவாக நட்டார்கள் என்பது பலருக்குத் தெரியும். கர்ப்பிணியாக இருந்தபோதோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாக. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள். வழிப்போக்கர்கள் தம் சுமையை இறக்கி வைத்தால் அவளுடைய பாரம் குறையும் என்று நம்பிக்கை. சில கற்களில் பெயரும் பொறித்திருக்கும். பெரும்பாலும் நட்டவரின் பெயர்.

சின்ன வயதில் எங்கள் பாட்டி ஊருக்குப் போகும் வழியில் இருந்த சுமைதாங்கியில் ஏறி உட்கார்ந்து விளையாடியிருக்கிறோம். பாட்டி இறங்கச் சொல்லித் திட்டுவார், “பாவம்டி, அவளே சுமக்க முடியாம போனவ” என்பார். உயிரோடு இருந்தபோது இளைப்பாற இடம் கிடைக்காதவளை, இறந்த பிறகு ஊர் முழுக்க இளைப்பாறும் இடமாக்கிவிட்டார்கள் என்று இன்று கோபமாகச் சொல்லலாம். எனக்கு அந்தக் கோபம் முழுதாக வருவதில்லை. அவளுடைய தாயோ புருஷனோ யாரோ ஒருவருக்கு, அவள் எதைத் தாங்கினாள் என்பது புரிந்திருக்கிறது. புரிந்ததைக் கல்லாக நட்டிருக்கிறார்கள். அதுகூட நடக்காத வீடுகள்தான் அதிகம்.

அரசாங்கம் ரிலீஃப் கொடுத்தபோது இந்தப் புரிதல்கூட இருக்கவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லும் 1876–78 பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் ‘ரிலீஃப்’ வேலைகள் நடந்தன. பட்டினி கிடந்தவர்கள் மண் வெட்டிக் கல் உடைத்துக் கூலி வாங்கினார்கள். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் சிக்கனம் பார்த்துக் கூலியைக் குறைத்தார்: ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. பசியைத் தணிப்பதிலும் பெண்ணின் வயிறு சிறியது என்று கணக்கு. சுனாமிக்குப் பிறகு முகாம்களில் வேட்டியும் சேலையும் குவிந்தன, மாதவிடாய்த் துணியை யாரும் நினைக்கவில்லை என்று கடலோரப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிவாரணம் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயருக்கு வருவது. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். தொகையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். பெயரைப் பொறுத்தவரை, ஒரு மொழிபெயர்ப்பாளராக எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அம்மா ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு குழறியது. நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். “சிஸ்டரம்மா வீட்டுலயே இருக்காங்க, அவருக்கென்ன குடுத்து வெச்சவரு” என்று தெரு முழுக்கச் சொன்னது. நானும் தம்பியும் வேறு வேறு ஊர்களில் வேலையில் இருந்தோம். மாதத்தில் நான் போகும் இரண்டு நாட்களும் அம்மா தூங்குவார். சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார். பகலில் நான்கு மணி நேரம் ஓர் அக்கா வந்து உதவினார். இரவு முழுக்க அம்மாதான். புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பவுடர் போடுவது, டியூப், டயப்பர், அப்பாவின் கோபம். அப்பா நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதரும் நான்கு வருடம் படுத்துக் கிடந்தால் கையில் கிடைக்கும் டம்ளரை எறிவார். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாமல்தான் அவர் போய்ச் சேர்ந்தார். டெத் சர்ட்டிஃபிகேட் எழுத வந்த டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மாவுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

துக்க வீட்டில் எல்லோரும் ரிலீஃபைப் பற்றித்தான் பேசினார்கள். “கஷ்டப்படாம போய்ட்டார்.” “அவருக்கு விடுதலை.” “இனிமே நிம்மதியா இருக்கட்டும் அந்த ஆத்மா.” இறந்தவருக்கு விடுதலை, நிம்மதி எல்லாம் தாராளமாக உண்டு. நான்கு வருடம் தூங்காமல் இருந்தவருக்கு அந்தச் சொற்களில் எதையும் கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. அவர் அழ வேண்டியவர். அழவும் செய்தார், பொய்யாக இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, அம்மாவோடு வேலை பார்த்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் வெற்றிலைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் “ம்” போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன சிஸ்டர், ரிலீஃபா இருக்கு” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. அத்தை, அப்பாவின் அக்கா, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். “நிம்மதியா இருக்கு” என்று அம்மா சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் ரிலீஃப் என்ற சொல் தெரியும். ஆனால் அது தைலத்துக்கும் வாயுத் தொல்லைக்கும் உரிய சொல் என்பதால் அதில் பாவம் எதுவும் அவருக்குத் தட்டுப்படவில்லை. “ஆமா, இன்னிக்குக் காத்து நல்லா வருது” என்றார்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவிகளுக்கு கேட் ஷோப்பினின் ‘ஒரு மணி நேரத்தின் கதை’ பழக்கமாக இருக்கலாம். 1894இல் வெளிவந்த இரண்டு மூன்று பக்கக் கதை. கணவன் ரயில் விபத்தில் இறந்ததாகச் செய்தி வருகிறது. மனைவி அழுகிறாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், அங்கே ஜன்னலருகில் அவளுக்குள் வேறொன்று எழுகிறது. கடைசியில் கணவன் உயிரோடு வந்து நிற்க, அவள் விழுந்து இறக்கிறாள். சந்தோஷத்தில் இறந்தாள் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். வகுப்பில் இதைப் பேசும்போது “அவ கெட்டவளா மேம்?” என்று யாராவது கேட்பார்கள் என்று ஆங்கிலத் துறைத் தோழி சொல்வார். கதையில் வரும் கணவன் கொடுமைக்காரன் இல்லை. அதுதான் கேட்பவர்களைத் தொந்தரவு செய்கிறது. அடிக்கிறவன் செத்தால் மூச்சுவிடலாம் என்று நம் ஊரும் முணுமுணுப்பாக ஒத்துக்கொள்ளும். அன்பான ஆள் போய், அதற்காக அழுது, அதோடு சேர்த்து முதுகு நிமிர்வதைச் சொல்லத்தான் இடமில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் அந்த இடத்தைக் கொடுத்தது. ஆங்கிலத்துக்கே அது தெரியாது.

பகலில் வந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு மணி நேரம் அம்மா குளித்தார், வங்கிக்குப் போனார், ஒருமுறை கோயில் வரை போய்வந்தார். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் அவருடைய மாமியாரை யார் பார்த்தது? பத்தாம் வகுப்பு படித்த மகள். பரீட்சை நெருங்கியபோது அக்கா தன் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டார், தங்கையின் கைக்குழந்தையும் கூடவே வந்தது. ஆர்லி ஹோக்‌ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், பராமரிப்புச் சங்கிலி. பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போய் அங்குள்ள குழந்தையைப் பார்க்கும் பெண், அவளுடைய குழந்தையை ஊரில் பார்க்கும் கூலிப்பெண், அந்தக் கூலிப்பெண்ணின் குழந்தையைப் பார்க்கும் மூத்த மகள். நம் சங்கிலிக்குக் கடல் தேவைப்படவில்லை, மூன்று தெரு போதும். ஒரு பெண்ணுக்கு ரிலீவராக வருவது இன்னொரு பெண், அவளைவிடக் குறைந்த சம்பளத்தில் அல்லது சம்பளமே இல்லாமல். பாரம் எங்கேயும் மறையவில்லை, தலை மாறுகிறது. கடைசிக் கண்ணியில் ஒரு சிறுமி நிற்கிறாள். இந்த வரிசையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆண்களை யாரும் கூப்பிடவே இல்லை. அவர்களும் தம்மைத்தான் கூப்பிட வேண்டும் என்று நினைக்கவில்லை.

கையேட்டின் முதல் படியைக் குழுவினர் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். மனுவின் முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாட்களுக்குள் வைக்க வேண்டும், அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதைப் படித்தபோது வழக்கு நடத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் மூன்று வருடமாக வாய்தாவுக்கு நடக்கிறார். நிவாரணம் என்று நான் எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டேன். தையல் வேலை செய்யும் ஒருவர், “அது வந்துட்டுப் போறதுங்க. இது நிக்கணும்ல?” என்றார். கடைசியில் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக எழுதினேன். பாதுகாப்பு ஆணை, வீட்டு உரிமை ஆணை, செலவுக்கான பணம். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீங்கள் கேட்கக்கூடியவை’. நீளம்தான். வழக்கறிஞருக்குப் பிடிக்கவில்லை. அச்சில் அப்படியே வந்தது.

இந்த வருடம் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. தம்பி மனைவியின் பேறுகால விடுப்பு 26 வாரம் முடிந்ததும் அம்மாவை வந்து இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். “நீ வந்தா எங்களுக்கு எவ்ளோ ரிலீஃப் தெரியுமாம்மா” என்றான் தம்பி. அம்மா ஒத்துக்கொண்டார். குழந்தையின்மேல் அவருக்கும் ஆசைதான். போன முதல் வாரமே ஒரு மாதக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் கட்டம் போட்டு, ஆஸ்பத்திரியில் போடுவது மாதிரியே டியூட்டி சார்ட் எழுதி ஃபிரிட்ஜ்மேல் ஒட்டிவிட்டார். வார நாட்களில் காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை அவர் பெயர். மாலை, இரவுக் கட்டங்களில் மற்ற இருவர் பெயரும் மாறி மாறி. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் அவருக்கு ‘ஆஃப்’, ரிலீவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர்.

நான்கு ஞாயிறு ஆகியிருக்கிறது. மூன்று முறை தம்பி நேரத்துக்கு எழுந்து வந்தான். ஒருமுறை முந்தின இரவு நண்பர்களோடு எங்கோ போய்விட்டு வந்து தூங்கியதால் நாற்பது நிமிடம் தாமதம். அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாராம். மருமகள் எழுந்து வந்து “நான் பார்த்துக்கறேன் அத்தை, நீங்க போங்க” என்று கை நீட்டியதற்கு, “உன் பேர் போடலைம்மா, நீ தூங்கு” என்று சொல்லிவிட்டார். தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்ததும், ஆறு மணிக்கு எவ்வளவு பால் குடித்தது, எத்தனை முறை வெளிக்குப் போனது, இடது காதோரம் கொசு கடித்த இடத்தில் எந்தக் களிம்பு என்று முழுசாக ஓவர் கொடுத்திருக்கிறார். பஸ் போய்விட்டதால் ஆட்டோவுக்கு நூற்றியிருபது ரூபாய் அவனிடமே வாங்கிக்கொண்டு கிளம்பினார். எங்கே போனார் என்று அவன் என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியாது.